நாள் தள்ளிப்போயிருக்கிறது, சிகரெட்டை எப்படி விடுவது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"ஆறு வாரம்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க அக்கா. ஒரு நாளைக்கு எட்டு சிகரெட் பிடிக்கிறேன். உடனே விடணுமா, கொஞ்சம் கொஞ்சமா விடணுமா? உடனே விட்டா குழந்தைக்கு அதிர்ச்சி ஆயிடும்னு சொல்றாங்களே, நிஜமா? நிக்கோட்டின் கம் மெல்லலாமா, இல்ல அதுலயும் அதே விஷம்தானா?"

ஆளுக்கு ஆள் சொற்கள் மாறும், கேள்வி மாறாது. பெரும்பாலும் கடைசியில் ஒரு வரி சேர்ந்து வரும்: "வீட்ல யாருக்கும் தெரியாது."

இந்தியாவில் புகைபிடிக்கும் பெண்கள் குறைவு. 2016-17இல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயதுவந்த பெண்களில் 2 சதவீதம் பேர்தான். குறைவு என்பதாலேயே இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் போனால் சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் எல்லாம் விசாரிப்பார்கள். "சிகரெட் பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்ற கேள்வி பெரும்பாலும் வராது. கர்ப்பிணி ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கேட்பார் இல்லாததால், வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவு ஒன்றை நடுராத்திரியில் ஒரு பெண் தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை இந்த வாரத்துக்குள் முழுதாக நிற்க வேண்டும். அதற்கு எந்த வழி உங்களுக்குக் கைகொடுக்கிறதோ அதுவே நல்ல வழி. நியாயமாகத் தோன்றும் "கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்" என்பதுதான் இருப்பதிலேயே பலவீனமானது. ஏன் என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது?

புகை எத்தனை நாளில் பூஜ்யமாகும்? முதல் அளவுகோல் இதுதான், இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தாயின் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடும். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். போவதோடு நிற்காமல், குழந்தையின் ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிடச் சற்று அதிகமாகவே தங்கும். நல்ல செய்தி என்னவென்றால், புகைப்பதை நிறுத்தினால் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஓரிரு நாளில் ரத்தம் அதிலிருந்து விடுபட்டுவிடும்.

ஆரம்ப வாரங்களில் அவசரம் ஏன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் 4 முதல் 7ஆவது வாரத்துக்குள்ளும், மேலண்ணம் 6 முதல் 9ஆவது வாரத்துக்குள்ளும் கூடி முடிகின்றன. முதல் மாதங்களில் புகைப்பது உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கருச்சிதைவு, கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்குதல், பின்னாளில் நஞ்சுக்கொடி பிரிதல், குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

படித்ததும் நெஞ்சு படபடக்கும், தெரியும். அதனால் அடுத்ததையும் சேர்த்தே படியுங்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் முதல்முறை கர்ப்பமான சுமார் 2,500 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. 15 வாரத்துக்குள் புகைப்பதை நிறுத்திய பெண்களுக்கும், புகைக்காத பெண்களுக்கும் குறைமாதப் பிரசவத்திலோ குழந்தையின் வளர்ச்சியிலோ பெரிய வித்தியாசம் இல்லை. தெரியாமல் பிடித்த சிகரெட்டுக்காக இப்போது அழுவதில் பயன் இல்லை. கையில் இருக்கிற வாரங்கள் உண்மையிலேயே மதிப்புள்ளவை.

குழந்தைக்குப் போய்ச் சேர்வது எது? நிக்கோட்டின் வேறு, புகை வேறு. நிக்கோட்டின் நல்லதல்ல. நஞ்சுக்கொடியைத் தாண்டும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வளரும் மூளையையும் நுரையீரலையும் பாதிக்கும் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒரு சிகரெட்டில் நிக்கோட்டினோடு 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளே போகின்றன. கார்பன் மோனாக்சைடு, ஈயம், காட்மியம், புற்றுநோய் உண்டாக்கும் சுமார் 70 பொருள்கள் எல்லாம் அதில் அடக்கம். ஒன்று மட்டும் போவதும் எல்லாம் சேர்ந்து போவதும் ஒன்றல்ல.

மசக்கையோடு ஒத்துப்போகுமா? காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கும் பெண்ணிடம் மிளகுக் காரம் போன்ற சுவையுள்ள கம்மை மெல்லச் சொல்வது சுலபம். மெல்வது சுலபமல்ல.

உடம்பின் புது வேகம். இதைப் பலரும் யோசிப்பதில்லை. கர்ப்ப காலத்தில் உடம்பு நிக்கோட்டினை வழக்கத்தைவிட ஏறத்தாழ 60 சதவீதம் வேகமாக வெளியேற்றுகிறது. அதனால் தவிப்பு சீக்கிரம் சீக்கிரமாக வரும். "முன்னாடியெல்லாம் ரெண்டு மணி நேரம் தாங்குவேன், இப்ப முடியல, எனக்கு மனவுறுதியே இல்ல" என்று சொல்லும் பெண்ணுக்கு மனவுறுதியில் குறை ஒன்றும் இல்லை. அவர் உடம்பின் கணக்கு மாறியிருக்கிறது.

யாருக்கெல்லாம் தெரிய வேண்டியிருக்கும்? வெளிநாட்டுக் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. நம் வீடுகளில் பல பெண்கள் ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதும் கைவிடுவதும் இதை வைத்துத்தான்.

## வழி 1: இன்றோடு, மருந்தில்லாமல்

முதலில் அந்த "அதிர்ச்சி" பயத்தைத் தீர்த்துவிடலாம். சிகரெட்டை ஒரேயடியாக நிறுத்துவதால் குழந்தைக்கு எந்த அதிர்ச்சியும் வராது. நீண்ட நாள் குடிப்பவர் மதுவைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து வரலாம், அதற்கு மருத்துவ மேற்பார்வை வேண்டும். நிக்கோட்டின் அப்படிப்பட்டதல்ல. அதை நிறுத்தினால் படுத்துவது தாயைத்தான். கருவில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது கூடுதல் ஆக்சிஜன்.

புகை பூஜ்யமாகும் வேகத்தில் இந்த வழியை எதுவும் மிஞ்ச முடியாது. குழந்தைக்கு நிக்கோட்டினும் போகாது. செலவில்லை, மருந்துச் சீட்டும் வேண்டாம். மசக்கையும் இங்கே துணைக்கு வரும். பல பெண்களுக்கு இந்த வாரங்களில் சிகரெட் வாசனையே குமட்டும். அந்தக் குமட்டல் வந்திருந்தால் அது அடங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே விட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் விலையைச் சொல்கிறேன். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். மலச்சிக்கலும் வரலாம், கர்ப்பத்தின் மலச்சிக்கலோடு அது சேர்ந்துகொள்ளும். தலைவலி மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். இந்த எரிச்சலையெல்லாம் வீட்டார் மசக்கை என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பது, ரகசியமாக விட நினைக்கும் பெண்ணுக்கு ஓர் ஆறுதல்.

காபி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகைப்பவர் உடம்பில் காஃபீன் வேகமாகச் செரித்துப்போகும். நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். அதே இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி இப்போது ரத்தத்தில் ஏறத்தாழ இருமடங்கு காஃபீனைத் தங்க வைக்கும். கர்ப்பமும் காஃபீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லாத இரவு என்று வந்ததும், "சிகரெட் விட்டதால்தான் இப்படி" என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பவர்கள் உண்டு. பாதிப் பழி காபியுடையது. சிகரெட் விடும் அன்றே காபியையும் பாதியாக்குங்கள். அலுவலகத்தில் நாலு மணி டீயும் தம்மும் சேர்ந்த பழக்கம் என்றால், அந்த வாரம் டீயை மேசைக்கே வரவழைத்துக் குடியுங்கள், கடை வாசலுக்குப் போகாதீர்கள். ஒரு தவிப்பு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் நிற்கும். பல் தேய்க்கலாம், உப்பு போட்ட நெல்லிக்காய்த் துண்டை வாயில் அடக்கலாம், மாடிப்படியில் ஒரு மாடி மெதுவாக இறங்கி ஏறலாம். அதற்குள் அலை கடந்துவிடும்.

யாருக்கு இது பொருந்தும்: நாளுக்கு ஐந்துக்கும் குறைவாகப் பிடிப்பவர்கள், அலுவலக இடைவேளையிலோ நண்பர்களோடோ மட்டும் பிடிப்பவர்கள், எழுந்தவுடன் சிகரெட் தேடாதவர்கள், மசக்கையால் வெறுப்பு வந்தவர்கள்.

## வழி 2: கொஞ்சம் கொஞ்சமாக

பதினைந்து பத்தாகும், பத்து ஐந்தாகும், ஐந்து இரண்டாகும், பிறகு நின்றுவிடும் என்று காகிதத்தில் அழகாக இருக்கும். மருத்துவர்கள் சிலரேகூட இதைச் சொல்லி அனுப்புகிறார்கள்.

எண்ணிக்கை குறையும்போது இழுக்கும் விதம் மாறிவிடும் என்பதுதான் சிக்கல். அடுத்தது எப்போது என்று தெரியாத நிலையில் கையில் இருக்கும் ஒன்றை ஆழமாக இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, பஞ்சு சுடும்வரை விட மாட்டோம். பாதியில் அணைத்துவைத்து மறுபடி பற்றவைப்போம். வேண்டுமென்று யாரும் இப்படிச் செய்வதில்லை. குறைந்த நிக்கோட்டினை உடம்பு தானே ஈடுகட்டிக்கொள்கிறது. கர்ப்பத்தில் அது வேகமாக வெளியேறுவதால் இந்த ஈடுகட்டலும் கூடுதலாகவே நடக்கும். பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று நினைத்திருப்போம், உள்ளே போன புகை பாதியாகியிருக்காது. அதோடு, நாளுக்கு ஓரிரு சிகரெட்கூட குழந்தையின் எடையைக் குறைக்கவும் குறைமாதப் பிரசவ வாய்ப்பைக் கூட்டவும் போதும். இதில் பாதுகாப்பான எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது.

2016இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில் சுமார் 700 பேரில் ஒரு பாதியினரை ஒரே நாளில் நிறுத்தவும், மறு பாதியினரை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும் சொன்னார்கள். நான்கு வாரம் கழித்துப் புகைக்காமல் இருந்தவர்கள், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம், படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம். அவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். ஆனாலும் கர்ப்பிணிக்கு இதில் உள்ள செய்தி இன்னும் கடுமையானது, அவருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு.

ஆனாலும் ஒரு நிலையில் இதை ஏற்கலாம். ஒரு பாக்கெட்டும் அதற்கு மேலும் பிடிப்பவர், இன்றே பூஜ்யம் என்று நினைத்தாலே மூச்சுமுட்டுகிறது என்கிறவர், முழு நிறுத்தத்துக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அதுவரை குறைக்கலாம். அந்தத் தேதி ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. தேதி இல்லாத குறைப்பு வளைகாப்புவரை இழுத்துக்கொண்டே போகும்.

## வழி 3: ஆலோசகர் துணையோடு

கர்ப்பிணிகளுக்கு எது உதவுகிறது என்ற ஆய்வுகளில் ஐயத்துக்கு இடமில்லாமல் தேறிவருவது இதுதான். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. இதைத் தனி வழி என்று சொல்வதைவிட, வழி 1க்கோ வழி 4க்கோ பக்கத்தில் வைக்க வேண்டியது என்பேன்.

இந்தியாவில் 1800-11-2356 என்ற தேசிய எண் உண்டு. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சாகியிருக்கிறது. கட்டணம் இல்லை. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனையிலிருந்து தென்னிந்திய மொழிகளில் பேசுகிறார்கள். எத்தனை சிகரெட், எந்த நேரத்தில், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டு, நிறுத்தும் நாளைக் குறிக்கச் செய்து, பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். கர்ப்பம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரில் போக முடிந்தால், 2002இல் தொடங்கிய புகையிலை நிறுத்த மையங்களில் சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவிலும் உதவி கேட்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1948.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இது இன்னும் எளிது. முதல் சந்திப்பிலேயே மருத்துவத் தாதி ஒரு சின்னக் கருவியைக் கையில் கொடுப்பார். ஆழமாக மூச்சை இழுத்து, 15 விநாடி அடக்கி, குழாயில் மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடு திரையில் எண்ணாக ஏறும். 4ஐத் தொட்டால் நிறுத்த உதவும் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். புகைக்காத பெண்ணுக்கும் இந்தச் சோதனை உண்டு. எல்லோருக்கும் உண்டு என்பதாலேயே அவமானம் இல்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இப்படி ஒரு கருவி இருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

மறைந்திருக்கும் விலை, திரும்ப வரும் அழைப்பு. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது அந்தத் தொலைபேசி மணி அடித்தால் என்ன செய்வது? எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை அவர்களிடமே சொல்லிவிடுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் சொல்வதற்கும் வழி உண்டு. கணவரோ அம்மாவோ கூட வரும் நாளில் பேச முடியாவிட்டால், ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் போகும் நாளில் இரண்டு நிமிடம் கேளுங்கள். வாய் வரவில்லையென்றால், "நான் புகைப்பவள், நிறுத்த உதவி வேண்டும், வீட்டில் தெரியாது" என்று ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். நோயாளி சொன்ன ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவில் 612 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் 8.6 சதவீதம் பேர் நிறுத்தினார்கள். அதோடு 400 பவுண்ட்வரை கடைப் பரிசுச் சீட்டும் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் நிறுத்தினார்கள். நமக்கு யாரும் தரப்போவதில்லை, நாமே தரலாம். ஒரு சிகரெட் 20 ரூபாய் என்று வைத்தால் எட்டுக்கு 160, மாதம் 4,800. தினமும் அந்தப் பணத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள், பிரசவச் செலவுக்கு ஆகும்.

## வழி 4: நிக்கோட்டின் கம், பட்டை (தோலில் ஒட்டும் பேட்ச்)

"அதிலும் நிக்கோட்டின்தானே" என்ற தயக்கம் நியாயமானது. அதற்கான பதில் ஒரு கேள்விதான்: இது இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? சிகரெட் இல்லாமல் இருந்துவிடுவீர்கள் என்றால் இது வேண்டாம். சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள் என்றால் இது அதைவிட எவ்வளவோ மேல்.

உலகம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் ஆலோசனையோடு சேர்த்து இதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல், போதுமான ஆதாரம் இல்லை என்று பரிந்துரை செய்யாமல் நிறுத்திக்கொண்டது. 2012இல் வெளியான பெரிய ஆங்கிலேய ஆய்வில் 1,050 கர்ப்பிணிகளில் ஒரு குழுவுக்கு நிக்கோட்டின் பட்டையும், மறு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் பட்டையும் கொடுத்தார்கள். முதல் மாத முடிவில் நிறுத்தியிருந்தவர்கள் 21.3 சதவீதமும் 11.7 சதவீதமும். பிரசவ நேரத்தில் அது 9.4, 7.6 என்று கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. காரணம் அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேல் பட்டையை ஒட்டியவர்கள் சுமார் 7 சதவீதம்தான். வேகமாக வெளியேற்றும் உடம்புக்கு அந்த அளவு போதாமலும் இருந்திருக்கலாம். அந்தக் குழந்தைகளை இரண்டு வயதுவரை தொடர்ந்து பார்த்ததில் நிக்கோட்டின் பட்டையால் கெடுதல் தெரியவில்லை. குறையின்றி வளர்ந்தவர்கள் அந்தக் குழுவில் சற்று அதிகமாகவே இருந்தார்கள்.

நம் ஊரில் 2 மி.கி. கம் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்காகக் கர்ப்பிணி தானாக வாங்கி மெல்லக் கூடாது, அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். மெல்லும் விதம் தெரியாமல் பலர் கைவிடுகிறார்கள். இது பபுள்கம் அல்ல. மெதுவாகச் சில தடவை மென்றதும் நாக்கில் சுருக்கென்று மிளகுக் காரம் ஏறும். அப்போது மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று கடி, பிறகு மறுபக்கம் ஒதுக்கல். அரை மணி நேரம் இப்படியே போகும். கடகடவென்று மென்று எச்சிலை விழுங்கினால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய்விடும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், தவிப்பும் அடங்காது. கம்முக்கு முந்தைய கால் மணி நேரத்தில் காபி, எலுமிச்சைச் சாறு வேண்டாம், வாயில் நிக்கோட்டின் ஏறுவதை அவை தடுக்கும்.

வாந்தி அதிகம் என்றால் பட்டை நல்லது, வயிற்றோடு அதற்கு வேலையில்லை. ஆனால் இரவில் கழற்றிவிட வேண்டும். குழந்தைக்கு ராத்திரி முழுக்க நிக்கோட்டின் போகத் தேவையில்லை.

மறைந்திருக்கும் விலை இரண்டு. கையில் பட்டையைக் கண்டால் வீட்டில் கேள்வி வரும். அதைவிடப் பெரியது, கம்மும் மென்றுகொண்டு நடுவில் சிகரெட்டும் பிடிப்பது. அப்படியானால் இந்த வழியின் பயனே போய்விடுகிறது.

யாருக்கு: எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்கள், நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்கள், முன்பு மருந்தில்லாமல் முயன்று சில நாளில் திரும்பியவர்கள்.

## வழி 5: வேப்பும் மாத்திரையும்

வேப் எனப்படும் மின்-சிகரெட்டின் விற்பனைக்கு இந்தியாவில் 2019 முதல் தடை. கள்ளத்தனமாக வரும் திரவத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு நிக்கோட்டின் இருக்கிறது என்று யாரும் உறுதி தர முடியாது. இங்கே இருப்பவர்களுக்கு இது ஒரு வழியே அல்ல. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே 1,140 கர்ப்பிணிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், வேப் கொடுத்தவர்களில் 6.8 சதவீதமும் பட்டை கொடுத்தவர்களில் 4.4 சதவீதமும் நிறுத்தினார்கள். இரண்டுமே சின்ன எண்கள். வேறெதுவும் சரிவரவில்லை என்றால் உங்கள் தாதியிடம் பேசி முடிவெடுங்கள்.

வாரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளைக் கர்ப்பத்தில் புகைப்பதை நிறுத்துவதற்காக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. மனச்சோர்வுக்காக ஏற்கனவே புப்ரோபியான் எடுப்பவர்கள் மட்டும் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் போங்கள்.

## மாற்று என்று நினைத்து ஏமாற வேண்டாம்

'லைட்' சிகரெட்டை இன்னும் ஆழமாக இழுப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். பீடியும் ஹூக்காவும் புகைதான். மூலிகை சிகரெட்டில் நிக்கோட்டின் இருக்காது, ஆனால் எந்த இலையை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடும் தாரும் வரும். வெற்றிலையோடு புகையிலை, ஹான்ஸ் போன்ற பொட்டலப் புகையிலையும் தீர்வல்ல. மும்பையில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தார்கள். புகையிலை மெல்லும் பழக்கம் மட்டுமே உள்ள பெண்களுக்கும் வழி 1, வழி 3 அப்படியே பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| வழி | புகை நிற்கும் வேகம் | குழந்தைக்குப் போவது | மசக்கையில் | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| இன்றோடு, மருந்தில்லாமல் | அதே நாள் | எதுவும் இல்லை | துணையாகவே வரும் | முதல் வாரத் தவிப்பு, காபி படபடப்பு |
| கொஞ்சம் கொஞ்சமாக | வாரங்கள், பல நேரம் நிற்பதே இல்லை | புகை முழுவதும் | வேறுபாடு இல்லை | ஆழமாக இழுத்தல், பொய்யான நிம்மதி |
| ஆலோசகர் துணை | குறித்த நாளில் | சேர்த்து எடுக்கும் வழியைப் பொறுத்தது | பிரச்சினை இல்லை | ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் |
| கம் | தொடங்கிய நாளில் | நிக்கோட்டின் மட்டும் | குமட்டலைக் கூட்டலாம் | கூடவே சிகரெட்டும் தொடரும் அபாயம் |
| பட்டை | தொடங்கிய நாளில் | நிக்கோட்டின் மட்டும் | வயிற்றைத் தொடாது | வீட்டில் கண்ணில் படும் |
| வேப் | தொடங்கிய நாளில் | நிக்கோட்டினும் பிறவும் | ஆளைப் பொறுத்தது | இந்தியாவில் தடை, உள்ளே இருப்பது தெரியாது |

## உங்கள் நிலைக்கு எது?

எண்ணிக்கையைவிட நம்பகமான அடையாளம், தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பதுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறீர்கள் என்றால் வழி 1, கூடவே அந்த 1800 எண். அரை மணிக்குள் என்றால் அதே எண்ணோடு, இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து வழி 4 பற்றிக் கேளுங்கள். பல் தேய்க்கும் முன்பே தேடுகிறீர்கள் என்றால் மருந்தில்லாமல் வீரம் காட்ட வேண்டாம். முதல் நாளே பட்டையோடு தொடங்குவது பற்றிப் பேசுங்கள்.

மனச்சோர்வு, பதற்றத்துக்கு முன்பு சிகிச்சை எடுத்தவர்கள் தனியாக நிறுத்த வேண்டாம். பலருக்கு சிகரெட் அந்தச் சோர்வில் ஓர் ஊன்றுகோல்போல் இருந்திருக்கும். நிறுத்தி இரண்டு வாரம் கழித்தும் மனம் இருண்டே இருந்தால், அதைத் தவிப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

12ஆவது வாரத்தில்தான் தெரிந்தது, 20ஆவது வாரத்தில்தான் இதைப் படிக்கிறேன் என்றாலும் இதே கணக்குதான். குழந்தை எடை போடுவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். எந்த வாரத்தில் நிறுத்தினாலும் அதற்குப் பிறகான வாரங்கள் லாபம்.

## வீட்டில் புகைக்கும் இன்னொருவர்

கணவர் புகைப்பவராக இருந்தால், மேலே சொன்ன எல்லா வழிகளின் பலமும் பாதியாகிவிடும். புகை ஒரு பக்கம், கண்ணெதிரே பாக்கெட் இருப்பது இன்னொரு பக்கம். பால்கனியில் நின்று பிடிக்கிறேன் என்பது போதாது. கதவிடுக்கிலும் சட்டையிலும் புகை உள்ளே வரும். அவருக்கு எல்லா வழிகளும் திறந்தே இருக்கின்றன: கம், பட்டை, மாத்திரை, ஆலோசனை. அவர் வயிற்றில் பிள்ளை இல்லை. அவர் முதலில் நிறுத்த வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிரசவத்துக்குப் பிறகு பல பெண்கள் திரும்பத் தொடங்குவதற்கு, வீட்டில் இன்னொருவர் புகைப்பது ஒரு முக்கியக் காரணம்.

## இடையில் ஒன்று பிடித்துவிட்டால்

ஒன்பது நாள் நன்றாக இருந்து பத்தாம் நாள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டீர்கள் என்றால், அந்த ஒன்பது நாள் வீண்போகவில்லை. மீதிப் பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, நாளை என்று தள்ளாமல் அந்த மணியிலிருந்தே தொடருங்கள். எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது, என்ன சாப்பிட்ட பிறகு என்று ஒரு வரி எழுதிவைத்து ஆலோசகரிடம் சொல்லுங்கள். ஒரே வழியில் இரண்டு முறை வழுக்கினால் வழியை மாற்றுங்கள். மருந்தில்லாமல் முயன்றவர் பட்டைக்குப் போகலாம். கம் ஒத்துவராதவர் பட்டையைக் கேட்கலாம். அளவு போதவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம், கர்ப்பத்தில் உடம்பு வேகமாக வெளியேற்றுவதால் கூடுதல் அளவு தேவைப்படுவது உண்டு. ரத்தக்கசிவோ அடிவயிற்று வலியோ இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் புகைக்கும் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.